விட்டுப்போன கையெழுத்து

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளலாமா சார்? காற்று நேராக முதுகில் அடிக்கிறது. இருபத்தாறு வருடம் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து தேய்ந்த முதுகு இது.

துப்பாக்கி உரிமப் பிரிவில் நான் மூத்த எழுத்தர். லைசென்ஸ் கொடுப்பதும் புதுப்பிப்பதும்தான் வேலையில் முக்கால்வாசி. மீதி, பறிமுதல். ஒருவர் கையில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்று நீதிமன்றம் முடிவுசெய்தால், உத்தரவு மூடிய உறையில் என் மேசைக்கு வரும். அவரிடம் எத்தனை துப்பாக்கி, என்னென்ன எண் என்று பதிவேட்டைப் பார்த்து எழுதி நான் காவல் நிலையத்துக்கு அனுப்புவேன். மறுநாள் காலை அவர்கள் போய் எடுத்துவருவார்கள். அந்த ஒரு நாள் இடைவெளியில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். என் அதிகாரி, காவல் ஆய்வாளர், நான்.

அந்த மூன்று பேரைத் தாண்டி ஏன் வெளியே சொன்னேன் என்று கேட்டீர்கள். என் அண்ணன் காட்டுப்பன்றி விரட்ட ஒரு பழைய துப்பாக்கி வைத்திருந்தார். வரப்புத் தகராறில் எவனோ பொய்ப் புகார் கொடுத்தான். ஒரு மதியம் எட்டுப் பேர் வந்து, பீரோவிலிருந்த துணிமணியையெல்லாம் வாசலில் இழுத்துப் போட்டார்கள். அண்ணியின் உள்பாவாடையைத் தாண்டித் தாண்டித் தெருவே வேடிக்கை பார்த்தது. பத்து நாளில் புகார் பொய் என்று தெரிந்து துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது. அண்ணன்தான் திரும்பவில்லை. வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனார். ஒரு நாள் முன்னால் யாராவது காதில் போட்டிருந்தால், அவரே கொண்டுபோய்க் கொடுத்திருப்பாரே என்று எனக்கு ஆறவேயில்லை.

முதலில் சொன்னது ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவருக்கு. ஃபோனில் வெளிப்படையாகச் சொல்ல முடியாதில்லையா?

"ஐயா, உங்க விண்ணப்பத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. இன்னைக்கே ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

வந்தார். மாடிப்படிக்கு அடியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும், துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு தாமே காவல் நிலையத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டார். "தம்பி, என் மானத்தைக் காப்பாத்திட்ட" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மட்டும் முதுகு வலிக்கவில்லை.

அதன்பிறகு, உத்தரவு வந்தால் சொல்லிவிடுவது என்று ஆகிவிட்டது. மூன்று வருடத்தில் பன்னிரண்டு பேர். எவரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. அதில் நாலு பேர் வீட்டுக்குக் காவலர்கள் போனபோது துப்பாக்கி இல்லை, தொலைந்துவிட்டது என்று கையை விரித்தார்களாம். அது அவரவர் மனசாட்சி. நான் சொல்வதோடு சரி.

பதின்மூன்றாவது ஆள்தான் மரக்கடைக்காரர்.

அவர் மனைவி ஒருநாள் என் மேசைக்கு வந்தார். வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவர். பேசும்போதெல்லாம் புடவைத் தலைப்பின் ஓரத்தைத் தையல் பார்ப்பதுபோல் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"சார், அவர்கிட்ட ரெண்டு இருக்கு. சாப்பிட உக்காந்தா ஒண்ணு தட்டுக்குப் பக்கத்துலயே இருக்கும். கோர்ட்ல மனு போட்டிருக்கேன். எடுக்க வர்றாங்கன்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டார்."

"உத்தரவு மூடின கவர்லதாம்மா வரும்."

"வேற யாருக்கும் தெரியாதில்ல?"

"இருபத்தாறு வருஷமா இதே நாற்காலிலதாம்மா இருக்கேன்."

நான் சொன்ன இரண்டிலும் பொய் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. ஃபோனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பன்னிரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு இவருக்கு மட்டும் சொல்லாமல் விட்டால் அது பாரபட்சம். புருஷன் பெண்டாட்டிக்குள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? கூப்பிட்டேன்.

வந்தவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"யாரு சார் மனு போட்டது?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லீங்க."

"சொல்ல வேணாம் சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒருவர் சிரிப்பதையெல்லாம் கோப்பில் ஏற்ற முடியுமா?

புதன்கிழமை காவலர்கள் போனபோது ஒன்றைக் கொடுத்தார். இன்னொன்று போன மாதம் படகிலிருந்து ஆற்றில் விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கையும் என் மேசைக்கே வந்தது.

வெள்ளிக்கிழமை அந்தம்மா, தங்கை வீட்டிலிருந்து ஃபோன் செய்தார். மகளோடு அங்கேதான் ஒதுங்கியிருந்தார்.

"சார், எடுத்துட்டாங்களா?"

"எடுத்தாச்சும்மா."

"ரெண்டுமா?"

அறிக்கை என் கண்முன்னால் திறந்தே கிடந்தது. கோப்பிலுள்ள விவரத்தைத் தொலைபேசியில் சொல்ல விதியில் இடமில்லை. மேலும், ஒன்று கிடைக்கவில்லை என்றால், எப்படிக் கிடைக்காமல் போயிற்று என்று அடுத்த கேள்வி வரும்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. நிம்மதியா இருங்க."

"அப்ப நாளைக்குப் போய்ப் பொண்ணோட புத்தகம், என் தையல் மெஷின்லாம் எடுத்துக்கலாம் இல்ல சார்?"

"உங்க வீடும்மா அது. தாராளமா போங்க."

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போனார். தங்கையும் மகளும் கீழே வண்டியில் இருந்தார்கள். இரண்டு முறை சத்தம் கேட்டதாம். ஆற்றில் விழுந்த துப்பாக்கிதான். மகள் மாடி ஏறவில்லை என்றார்கள். அதை ஒரு நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மரக்கடைக்காரர் ஓடவில்லை. முன்னாலேயே சொன்னது யார் என்று நீங்கள் கேட்டபோது, "ஆபீஸ்ல ஒரு நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னாராம். பேரைச் சொல்லவில்லை பாருங்கள். அதனால்தான் எங்கள் அலுவலக ஃபோன்களை நீங்கள் ஒட்டுக்கேட்க வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை வேறோர் உத்தரவு வந்தது, ஒரு பல் மருத்துவர் பேரில். அவரையும் கூப்பிட்டேன். அகப்பட்டது அதில்தான்.

களைப்பாக இருக்கிறது சார். எழுதிக்கொள்ளுங்கள். மரக்கடைக்காரருக்கு முன்கூட்டியே சொன்னது நான். ஒரு துப்பாக்கி வெளியே இருக்கிறது என்று தெரிந்தே அந்தம்மாவை வீட்டுக்குப் போகச் சொன்னதும் நான். ஆனால் நான் ஆள் பார்த்துச் செய்தவன் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தம்மா பேரிலும் ஒரு லைசென்ஸ் இருந்து, பறிமுதல் உத்தரவு வந்திருந்தால், அவரையும் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.