என்ஜின் எந்தப் பக்கம்

ஜூன் 9, திங்கட்கிழமை. வழக்கம்போல நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, கடலூரில் சிதம்பரம் செல்லும் பாசஞ்சரில் ஏறினேன். எதிர் ஜன்னலோரம் ஒரு பெண், பக்கத்தில் அவள் தம்பி. என் பக்கத்தில் அவள் கணவர்.

"ஊட்டி ரயிலுக்கு நான் வரல. என்ஜினுக்கு முதுகு காட்டி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்னு தெரியாதா?" என்றாள் அவள்.

"மலை ஏறுறப்ப என்ஜின் பின்னாடி நின்னு தள்ளும்னு எனக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா? எவ்ளோ நாள் காத்திருந்து கெடச்ச டிக்கெட்டு" என்றார் கணவர்.

தம்பி போனை நீட்டினான். "சுவிட்சர்லாந்துலயும் இப்படித்தான் தள்ளுது, மாமா."

"அப்ப அதையும் கேன்சல் பண்ணிடு, மச்சான்."

பரங்கிப்பேட்டை தாண்டியதும் தம்பி மெல்லச் சொன்னான்: "அக்கா, கடலூர்லேர்ந்து நீ என்ஜினுக்கு முதுகு காட்டித்தான் உக்காந்திருக்க. சண்ட போட்டுக்கிட்டே ரெண்டு சமோசாவும் சாப்ட்டுட்ட."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டு கணவரைத் தன் இடத்துக்கு மாறச் சொல்லி, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். சிதம்பரத்தில் இறங்கும்போது கணவரிடம் சொன்னாள்: "ஊட்டிக்கு வர்றேன். ஆனா என்ஜின் எந்தப் பக்கம்னு யாரும் எங்கிட்ட சொல்லக் கூடாது."

செவ்வாய்க்கிழமை காலை அதே பாசஞ்சரில் ஏறியதும் முதல் வேலையாக, என்ஜின் எந்தப் பக்கம் என்று பார்த்து, எனக்கும் வாந்தி வருகிறதா என்று தெரிந்துகொள்ள அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.