பேருக்குப் பின்னால் ஒரு வால்

மாமனார்: ...அதுக்காகச் சொல்லல சம்பந்தி. பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு. இனிமே அவ எதைக் கண்டுபிடிச்சாலும் எங்க வீட்டுப் பெருமைதான்.

அப்பா: இருக்கட்டும். யார் வேண்டாம்னா? ஆனா அந்த டெலஸ்கோப்பை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது யாரு?

மாமனார்: அதை நிறுத்தி வைக்க மொட்டைமாடி கொடுத்தது யாரு?

அவள்: மாமா, அந்த நாற்காலியை ஆட்டாதீங்க. கம்ப்யூட்டர் ஒயர் அதுக்கு அடியிலதான் போகுது.

மாமனார்: நான் ஆட்டலம்மா. நான் உக்காந்தா உக்காந்ததுதான். உங்கப்பாதான் காலை ஆட்டிக்கிட்டிருக்கார்.

அப்பா: சாயங்காலத்துக்குள்ள வானியல் சங்கத்துல பேரை அறிவிச்சுடுவாங்கன்னு சொல்லிட்டா. கால் தானா ஆடுது.

மாமனார்: பேர்... அதைத்தான் நானும் கேட்க வந்தேன். வால்நட்சத்திரத்தை யார் முதல்ல பாத்தாங்களோ அவங்க குடும்பப் பேரைத்தானே வைப்பாங்க?

அவள்: பெரும்பாலும் அப்படித்தான் மாமா.

மாமனார்: அப்ப எங்க பேர். மூணு தலைமுறையா ஒரு கெட்ட சொல் கேட்காத பேர்.

அப்பா: நல்ல பேர்தான். இல்லாட்டி பொண்ணு கொடுத்திருப்பேனா? ஆனா அவ சர்டிபிகேட், ஆபீஸ் அடையாள அட்டை எல்லாத்துலயும் அவ பேருக்குப் பின்னால இருக்கிறது என் பேர்.

மாமனார்: பேருக்குப் பின்னால வர்றது வால். வாலை மாத்திக்கலாம்.

அப்பா: வாலா? ...என் பேர் வாலா?

அவள்: அப்பா, கொஞ்சம் மெதுவா. அளந்துட்டிருக்கேன்.

அப்பா: இன்னும் என்னத்தை அளக்கிறே? அதான் உறுதியாயிடுச்சே.

அவள்: கண்டுபிடிச்சதோட விட முடியாதுப்பா. எவ்வளவு நகருதுன்னு பாத்துப் பாத்து அனுப்பணும். அதை வெச்சுத்தான் எந்தப் பாதையில போகும்னு கணக்குப் போடுவாங்க. இங்க பாருங்க. இது முந்தாநாள் படம், இது நேத்து.

மாமனார்: ரெண்டும் உப்பைக் கொட்டின மாதிரி இருக்கு.

அவள்: மாத்தி மாத்திக் காட்டறேன். எல்லாப் புள்ளியும் அப்படியே நிக்கும். ஒண்ணு மட்டும் குதிக்கும்.

அப்பா: ...அட. அந்த ஓரத்துல. புகை மாதிரி.

மாமனார்: நான் அப்பவே பாத்துட்டேன்.

அப்பா: நீங்க பாத்தது திரையில ஒட்டியிருக்கிற தூசு சம்பந்தி.

மாமனார்: தூசுக்குப் பக்கத்துலன்னு சொல்ல வந்தேன். ஏம்மா, இதைத் தேடித்தான் மாடியில உக்காந்திருந்தியா?

அவள்: இல்ல மாமா. இதோ, இந்த நட்சத்திரத்துக்காக. இது கொஞ்ச நாள் பிரகாசமா இருக்கும், அப்புறம் மங்கிடும், மறுபடி பிரகாசமாகும். பக்கத்துல இருக்கிற நட்சத்திரங்களோட ஒப்பிட்டு, எவ்வளவு வெளிச்சம்னு குறிச்சுக்கிட்டே வரணும். வருஷக்கணக்கா பாக்கறேன், அக்கம்பக்கம் எல்லாம் மனப்பாடம். அன்னிக்குப் பாத்தா, பக்கத்துல யாரோ புதுசா குடிவந்திருக்காங்க.

அப்பா: எதிர்வீட்டுக்கு யார் வந்தா, யார் போனான்னு அவ அம்மா பாப்பாளே... அதே கண்ணு.

மாமனார்: அந்தக் கண்ணு எங்க மாடியில வந்துதான் கூர்மையாச்சு.

அப்பா: பிறக்கும்போதே கூர்மை. இவளை நான் கூப்பிட்டதே வாலுன்னுதான். வாலு கண்டுபிடிச்ச வால்நட்சத்திரம். வேற யார் பேர் பொருந்தும்?

மாமனார்: நேராவே பேசுவோம் சம்பந்தி. இது என் கௌரவம் இல்ல, குடும்பத்துக் கௌரவம். நாளைக்கு என் பேரப்பிள்ளைங்க வானத்தைக் காட்டி...

அவள்: வெறும் கண்ணுக்குத் தெரியாது மாமா.

மாமனார்: தெரியாட்டியும் காட்டுவாங்க.

அப்பா: இவ்வளவு பேசறீங்களே, அந்த மருந்துக்கடைக்காரர் கதை ஞாபகம் இருக்கா? புது வால்நட்சத்திரம்னு ஊரையே கூட்டினாரு. கடைசியில பாத்தா லென்ஸ்ல பட்ட தெருவிளக்கு. இன்னிக்கும் அவருக்கு அதான் பேர். ‘தெருவிளக்கு வர்றார்’ங்கறாங்க. இவ விஷயத்துல உங்களுக்கு அந்தப் பயம் துளிகூட வரல?

மாமனார்: எனக்கா? ஒரு நிமிஷம்கூட வரல.

அவள்: மாமா... அன்னிக்கு மாடிப்படியில நீங்க...

மாமனார்: நீ அளம்மா. வேலையைப் பாரு.

அப்பா: எனக்கும் வரல. பெத்தவனுக்குத் தெரியாதா?

அவள்: அப்பா, போன்ல நீங்க...

அப்பா: போன்ல ஆயிரம் பேசுவோம். கொஞ்சம் தண்ணி... இல்ல, நீ எழுந்திரிக்காதே. நானே எடுத்துக்கறேன்.

மாமனார்: சரி சம்பந்தி, நான் இறங்கியே வர்றேன். ரெண்டு வீட்டுப் பேரும் இருக்கட்டும். எங்க பேர் முன்னால, உங்க பேர் வாலா பின்னால.

அப்பா: வால்னா பின்னாலதான் வரணுமா?

அவள்: வரணும்னு இல்லப்பா. வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாத்தான் நீளும். சூரியனைச் சுத்திட்டுத் திரும்பிப் போகும்போது வால்தான் முன்னால போகும்.

அப்பா: கேட்டீங்களா?

மாமனார்: போகும்போது நடக்கிறது எதுக்கு? நாம வரும்போதைப் பத்திப் பேசறோம்.

அவள்: ...வந்துடுச்சு.

மாமனார்: எது?

அவள்: பேர். அறிவிச்சுட்டாங்க.

அப்பா: படி, படி.

அவள்: ரெண்டு பேரும் முதல்ல உக்காருங்க.

மாமனார்: நான் நின்னுக்கிட்டே கேட்கறேன். இந்த மாதிரிச் செய்தியை நின்னுதான் கேட்கணும். எங்க பேர்தானே?

அவள்: இல்ல மாமா.

அப்பா: நான்தான் சொன்னேனே, பெத்தவன் பேர்...

அவள்: உங்க பேரும் இல்லப்பா. என் பேர். அது மட்டும்தான்.

மாமனார்: அது எப்படி? பேருக்குப் பின்னால என்னன்னு கேட்டிருப்பாங்களே.

அவள்: கேட்டாங்க.

அப்பா: கேட்டாங்கல்ல? அப்புறம் ஏம்மா எழுதல?

அவள்: அனுப்பறதுக்கு முன்னாடி மாமா மாடிப்படியில நிறுத்தி, ‘தப்பாயிட்டா தெருவிளக்குக் கதைதான். எங்க பேர் வேண்டாம், உங்கப்பா பேரைப் போட்டுக்கோ’ன்னாரு. கீழே இறங்கறதுக்குள்ள நீங்க போன் பண்ணி, ‘என் பேரை இதுல இழுக்காதே, மாமா பேரைப் போட்டுடு’ன்னீங்க. ரெண்டு பேரும் வேண்டாம்னு ரெண்டு பேரும் சொன்னப்புறம் பெரியவங்க பேச்சைத் தட்டலாமா? வாலில்லாமலே எழுதிட்டேன். அதுக்குத்தான் ஏற்கெனவே ஒரு வால் இருக்கே.