இரண்டும் ஒரே பொருள்

ஒரு மேசை விளக்கைப் பதினான்கு வியாபாரிகள் பதினான்கு பெயரில் விற்பார்கள். ஒருவர் ‘படிப்பு விளக்கு’ என்பார். இன்னொருவர் ‘கழுத்து வளையும் விளக்கு’ என்பார். மூன்றாமவர் படத்தைத் தலைகீழாகப் போட்டு ‘நவீன அலங்காரம்’ என்று எழுதியிருப்பார். எல்லாம் ஒரே விளக்குதான் என்று கண்டுபிடித்து ஒரே பக்கத்தில் சேர்ப்பது என் வேலை. இணையக் கடையில் நீங்கள் தேடும் பொருள் பதினான்கு முறை வராமல் ஒரு முறை வருகிறதென்றால், அதற்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

முக்கால்வாசியைக் கணினியே சேர்த்துவிடும். அதற்குச் சந்தேகம் வந்தால் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து எங்கள் திரைக்கு அனுப்பும். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ஒரே பொருள்’, ‘வேறு பொருள்’. ஒன்பது வருடமாக அமுக்குகிறேன். ஆயிரத்தில் இரண்டுகூடத் தப்பாது. மேலாளரைக் கேட்டுப் பாருங்கள், ஐயா.

இப்போது அடுத்த அறையில் நீங்கள் உட்காரவைத்திருக்கிறீர்களே, அவள் ஆறு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். வாயாடி என்றுதான் அலுவலகமே கூப்பிடும். என்னைவிட நான்கு வயது சின்னவள். வாய்க்கு வாய் அக்கா. நாங்கள் நகமும் சதையுமாக இருந்தோம்.

வாங்கியவர்களின் புகார்களையும் நாங்கள்தான் படிப்போம். அதனால் எந்தப் பொருள் எங்கே உடையும் என்பது செய்தவனைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். குழந்தைகள் மாடிப்படியில் விழாமலிருக்கப் போடும் தடுப்புக் கதவுகளில் எல்லாம் ஒரே குறை, ஒற்றைத் தாழ்ப்பாள். அசைத்து அசைத்தே ஒன்றரை வயதுக் குழந்தை திறந்துவிடும். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி இரட்டைத் தாழ்ப்பாள் செய்து காட்டினேன். ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறு கையால் தூக்கினால்தான் திறக்கும்.

“அக்கா, இதை நாமளே செஞ்சு விப்போம். நீங்க எழுதுங்க, நான் பேசுறேன். நான் பேச ஆரம்பிச்சா செவுரு கூட ஒண்ணு வாங்கிட்டுப் போகும்” என்றாள்.

இரண்டு வருடம் அதையே பேசினோம். விளம்பர வரியைக்கூட எழுதிவிட்டேன். ‘பெரியவர் கைக்கு எளிது, பிஞ்சுக் கைக்கு முடியாது.’ அந்தக் காகிதத்தை அவள் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டாள். இரண்டு முறை பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் அவள் தம்பி வாசலிலேயே நின்று, “தூங்குறாங்கக்கா” என்றான். உள்ளே ஏதோ அறுக்கும் சத்தம் கேட்டது. அலமாரி வேலை நடக்கிறது என்றான். நம்பினேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் கதவு என் திரைக்கு வந்தது. விற்பவர் இடத்தில் அவள் பெயரும் தம்பி பெயரும். இரட்டைத் தாழ்ப்பாள். கீழே என் வரி, ஒரு காற்புள்ளிகூட மாறாமல். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் கடை போட்டதில் எனக்கு வருத்தமில்லை. என்னைப் பழத்தோடு வாசலில் நிற்கவைத்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று நேர்மையாகவே ‘வேறு பொருள்’ அமுக்கி, அவளுக்குத் தனிப் பக்கம் கொடுத்தேன். நானூறு பெற்றோர் அதில் பாராட்டி எழுதினார்கள். எல்லாவற்றையும் படித்தேன்.

அடுத்த வருடம் இன்னொரு வியாபாரி அதைப் பார்த்துப் போலி செய்தார். அதே வெள்ளைக் கம்பிகள், அதே அளவு, அவளுடைய பொருள் எண்ணையே திருடிப் போட்டிருந்தார். கணினிக்குச் சந்தேகம் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒற்றைத் தாழ்ப்பாள்.

எங்கள் விதி இது. இரண்டைச் சேர்த்தால் நல்ல படமும் நல்ல விவரமும் பக்கத்தில் நிற்கும், பாராட்டெல்லாம் ஒன்றாகும், விலை குறைந்தவருடைய சரக்குதான் முதலில் போகும். நானூறு பேரின் பாராட்டைப் படித்து வாங்குகிறவர் வீட்டுக்குப் போலிக் கதவு போகும்.

‘ஒரே பொருள்’ அமுக்கினேன்.

மூன்றாம் வாரம் ஒரு தாய் புகார் எழுதினாள். குழந்தை கதவைத் திறந்துவிட்டது, நல்லவேளையாக அவள் படியிலேயே நின்றிருந்தாள், பிடித்துவிட்டாள். பொருள் மாறிப்போயிருக்குமா என்று கணினி என்னிடம் கேட்டது. இல்லை என்று அமுக்கினேன். கை தவறி அமுக்கவில்லை. கேட்பீர்கள் என்றுதான் முன்னாலேயே சொல்கிறேன்.

அதற்கு மறுநாள் வாயாடி போன் செய்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறை.

“அக்கா, என் பக்கத்துல வேற யாரோட கதவோ ஏறியிருக்கு. ஆபீசுக்கு எழுதி எழுதிப் பார்த்துட்டேன், பதிலே இல்ல. கொழந்தைங்க விஷயம்கா. கொஞ்சம் பிரிச்சு விட முடியுமா?”

“பார்க்கிறேன்” என்றேன்.

“நீங்க இருக்கீங்கன்னு தைரியமா இருக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் பேசும்போது அந்தப் பக்கம் என் திரையில்தான் திறந்திருந்தது. பிரிக்க ஏழு விநாடி ஆகும். மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

பதினெட்டு நாள் கழித்து இன்னொரு வீட்டில் அந்தக் குழந்தை விழுந்தது. பதின்மூன்று படிகள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதன் அப்பா, அம்மா பெயரெல்லாம் எனக்குத் தெரியாது. செய்தி வந்த மதியமே இரண்டையும் பிரித்து வைத்தேன். கடமையில் குறை வைக்கிறவள் இல்லை நான். விற்றவள் என்று அவளைத்தான் நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தீர்கள், அதில் நான் எதுவும் செய்யவில்லை.

விசாரணையில் அவள், “அது ஒத்தத் தாழ்ப்பாள்னு அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டாங்க” என்று சொன்னதாகச் சொன்னீர்கள். தெரியும். எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். மூன்று முறையும்.

நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். தேதி சரி, நேரம் சரி. ஒரே ஒரு தவறு இருக்கிறது, ஐயா. குழந்தை இறந்ததில் ஆரம்பித்திருக்கிறீர்கள். அவள் என்னிடம் சொல்லாமல் போனதிலிருந்து ஆரம்பித்து எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.