சிஸ்டர் காலேஜுக்குப் பூக் கேட்டது

சென்னியம்மாள்: எடுத்த பொட்டணத்தப் பிரி சாமி. அம்மனை நெனச்சுக்கிட்டே பிரி.

சத்யபிரியா: பிரிச்சுட்டேம்மா... நந்தியாவட்டை.

மணியன்: வெள்ளையா?

சத்யபிரியா: வெள்ளைதாங்கப்பா. வெள்ளை வந்தா சேலத்து சிஸ்டர் காலேஜு, ஹாஸ்டல். செவ்வரளி வந்தா இங்க பக்கத்துல கவருமெண்டுக் காலேஜு. நீங்கதானுங்களே சொன்னீங்க.

மணியன்: சொன்னேன், சொன்னேன். இருந்தாலும்... ஒருக்காக் கேட்டாப் பத்தாது அம்மிணி. மூணு வாட்டி கேக்கோணும்.

சென்னியம்மாள்: ஏனுங்க, நீங்க ஆசைப்பட்டதுதான வந்திருக்குது? ஒரு மாசமா சிஸ்டர் காலேஜு, சிஸ்டர் காலேஜுன்னு ஊட்ட ரெண்டு பண்ணுனது ஆரு?

மணியன்: சந்தோசந்தான். நெம்ப சந்தோசம்.

சத்யபிரியா: மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலீங்களேப்பா.

மணியன்: வெயிலு.

சத்யபிரியா: கோயிலுக்குள்ளாரயா?

மணியன்: நீ சும்மா இரு.

சென்னியம்மாள்: எனக்குத்தான் மனசு ஒப்பல. கன்னியாஸ்திரிங்க நடத்தற எடம், காலைல எந்திரிச்சதும் ஜெபமாம். திருநீறு வெக்க உடுவாங்களோ மாட்டாங்களோ. மாரியம்மன் நோம்பிக்கு லீவு குடுப்பாங்களோ என்னமோ...

சத்யபிரியா: சித்ராக்கா அங்கதானம்மா படிச்சுது. இன்னிக்கும் பட்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்குது.

சென்னியம்மாள்: என்னமோ போ. அம்மனே போன்னு சொல்லிப்போட்டா நாம ஆரு தடுக்க? பூவ முடிஞ்சுக்கிட்டுக் கெளம்பலாம், வாங்க.

மணியன்: இரு புள்ள. நேத்து ராத்திரி வரைக்கும், புள்ளைக்குச் சிலுவை மாட்டி உட்டுருவாங்கன்னு ஒப்பாரி வெச்ச. இப்ப இவ்வளவு சுளுவாக் கெளம்பலாங்கற?

சென்னியம்மாள்: அம்மன் வாக்குக்கு மேல பேச்சு உண்டுங்களா?

மணியன்: அந்த இன்னொரு பொட்டணத்தக் குடு.

சென்னியம்மாள்: எடுக்காத பொட்டணத்தப் பிரிக்கக் கூடாதுங்க. சாமி குத்தம்.

மணியன்: எவஞ் சொன்னான்?

சென்னியம்மாள்: பூசாரி.

மணியன்: பூசாரி டீக் குடிக்கப் போயிருக்காரு. நீ பிரி அம்மிணி.

சத்யபிரியா: அப்பா... இதும் வெள்ளை.

மணியன்: அதெப்படி வெள்ளையாகும்?

சென்னியம்மாள்: அம்மனுக்கு அவ்வளவு ஆசையாட்ட இருக்குது.

மணியன்: அம்மனாவது... நான் வெச்சது ரெண்டும் செவ்வர...

சத்யபிரியா: என்னதுங்கப்பா?

மணியன்: ஒண்ணுமில்ல.

சென்னியம்மாள்: இல்லீங்க, முழுசாச் சொல்லிப்போடுங்க. ரெண்டும்?

மணியன்: ... ரெண்டுலயும் செவ்வரளி வெச்சேன். விடியால நீ தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு இருந்தப்ப.

சத்யபிரியா: அப்பா...

சென்னியம்மாள்: தெரியும். கெளம்பறப்பப் பைக்குள்ள பாத்தேன், ரெண்டும் செவப்பு. அதான் ரெண்டையும் வெள்ளையாக்குனேன்.

மணியன்: நீயா? நீதான அந்தக் காலேஜே வேண்டாம்னு...

சென்னியம்மாள்: நான் வேண்டாம்னாத்தான நீங்க வேணும்பீங்க. கல்யாணமான நாள்லருந்து அப்படித்தானுங்களே ஓடிக்கிட்டிருக்குது.

மணியன்: அப்ப அந்தச் சிலுவை, ஜெபம், ஒப்பாரி...

சென்னியம்மாள்: அத்தனையும் உங்களுக்காக அழுததுதான். நீங்க சொல்லுங்க. ஊரெல்லாம் சிஸ்டர் காலேஜுன்னு பேசிப்போட்டு, எதுக்குச் செவப்பு வெச்சீங்க?

மணியன்: வீம்புக்குப் பேசிட்டேன். பொறவு ரோசனை பண்ணிப் பாத்தா... புள்ள சாயங்கால பஸ்ஸுல வந்து எறங்கறதப் பாக்காம எப்படி இருக்கறது?

சென்னியம்மாள்: அது மட்டுந்தானுங்களா? தை மாசம்?

சத்யபிரியா: தை மாசம் என்னம்மா?

சென்னியம்மாள்: வாழப்பாடி அத்தை எதுக்கு வாரா வாரம் வந்துட்டுப் போறான்னு நெனச்ச? அவ பையன் மோகன்குமாருக்கு உன்னையப் பொண்ணு கேக்கத்தான். தைக்குள்ள உனக்குப் பதினெட்டு முடிஞ்சுருமல்லோ. நீ ஊட்டுலருந்து போயிட்டு வந்தா, அத்தையும் ஒறம்பரைச் சொந்தமும் பூவும் பழமுமா வந்து உக்காந்துக்குவாங்க. சிஸ்டர்மாருங்க கேட்டுக்குள்ள போயிட்டீன்னா எந்த ஒறம்பரையும் எட்டிப் பாக்க முடியாது.

சத்யபிரியா: அப்பா... வாக்குக் குடுத்துட்டீங்களா?

மணியன்: குடுக்கல சாமி. முடியாதுன்னும் சொல்லல. அக்காளுக்கு முன்னால எனக்கு வாயே வராது, உனக்குத் தெரியாததா.

சத்யபிரியா: எனக்குப் படிக்கோணுங்கப்பா. வேற ஒண்ணும் கேக்கல. படிக்கோணும்.

சென்னியம்மாள்: இப்பவே உங்கக்காளுக்குப் போனப் போடுங்க.

மணியன்: போட்டு? என்னத்தச் சொல்றது?

சென்னியம்மாள்: இங்க நடந்ததச் சொல்லுங்க. பொய்யா சொல்லச் சொல்றேன்?

மணியன்: ... அக்கா? மணியன் பேசறேன். கோயில்ல இருக்கறனுங்க. பூக் கேட்டோம்... இல்லீங்க்கா, சிஸ்டர் காலேஜுக்குத்தான் வந்துது. ஆமா, மூணு வருசம்... நான் என்னக்கா பண்ணட்டும்? ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளை... அட, ரெண்டுலயுந்தாங்க்கா. இந்தக் கண்ணால பாத்தேன்... அதத்தான நானும் சொல்றேன்... செரிங்க்கா... செரி.

சத்யபிரியா: அம்மா, சிரிக்காத, அத்தைக்குக் கேட்டுரப் போகுது.

மணியன்: வெச்சுட்டா. மேலெல்லாம் சிலிர்க்குதாமா. இப்பேர்ப்பட்ட அம்மனுக்கு அடுத்த வாரமே வந்து பொங்க வெக்கறாளாமா.

சென்னியம்மாள்: வெக்கட்டும். நாமளும் வந்து சாப்பிடலாம்.

மணியன்: அது கெடக்கட்டும். வெள்ளிக்கெழமை சேலம் போனீங்களே, பல்லுப் புடுங்க... பல்லு இப்பத் தேவலையா?

சத்யபிரியா: அப்பா... அது வந்து...

சென்னியம்மாள்: சொல்லிப்போடு.

சத்யபிரியா: பல்லுப் புடுங்கலீங்கப்பா. அட்மிசன் போட்டுட்டோம்.

மணியன்: தெரியும்.

சென்னியம்மாள்: எப்படித் தெரியும்?

மணியன்: திங்கக்கெழமை நானும் போனேன். ஒரு சிஸ்டரம்மா கேட்டுலயே நிறுத்தி, எந்தப் புள்ளையோட அப்பான்னு கேட்டாங்க. சொன்னேன். நீங்கதானா அதுன்னாங்க. பொண்ணு பாக்க ஆரு வந்தாலும், பெத்த அப்பனே கூட்டியாந்தாலும், உள்ள உட்டுராதீங்கன்னு உங்க ஊட்டுக்காரம்மா புள்ளைக்குத் தெரியாம கையப் புடிச்சு அழுதுட்டுப் போச்சுன்னாங்க.

சத்யபிரியா: அத்தனையும் தெரிஞ்சுமா செவ்வரளி வெச்சீங்க?

மணியன்: கடைசியா ஒருக்கா முட்டிப் பாக்கலாம்னுதான். இங்க ஒண்ணுந் தெரியாதவனாட்டக் கேட்டதும் அதுக்குத்தான்.

சென்னியம்மாள்: ... சிஸ்டரம்மாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?

மணியன்: என்னத்தச் சொல்றது? கேட்டோரமா ஒரு பைப்பு இருந்துது. ஹாஸ்டலுக்கும் இதே தண்ணிதானுங்களான்னு கேட்டு, உப்பா இருக்குதான்னு ரெண்டு கை புடிச்சுக் குடிச்சுப் பாத்துட்டு வந்துட்டேன். நல்ல தண்ணிதான்.