டி.வி. பாடு

மழைக்காலத்தில் எங்கள் ஊர் டி.வி.யில் படம் கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும், அய்யா. வாடைக் காற்று அடித்தால் ஆன்டெனா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது மெட்ராஸைப் பார்த்து நிற்க வேண்டும். காற்று அதைக் கடலைப் பார்க்க வைத்துவிடும். கடலிலிருந்து நமக்கு யாரும் படம் அனுப்புவதில்லை. சுவர் மேல் ஏறி நின்று ஆன்டெனாக் குழாயை மெல்லத் திருப்பினால் சரியாகிவிடும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

வரதன் செத்ததைப் பற்றிச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆனால் டி.வி.யை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது. விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அதில் உங்கள் தப்பு இல்லை. ஊர் சொன்னதை எழுதினீர்கள்.

என் வீட்டுக்காரர் குப்பன் இருந்தவரைக்கும் எங்களுக்கு ஏரியில் பாடு இருந்தது. பாடு என்றால் முறை. இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடிப் பிரித்துக் கொடுக்கும். கூட்டத்தில் ஆம்பளைகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பெயருக்குத்தான் அன்றைக்கு ஏரி சொந்தம். அவர் போனதும் பாடு ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது. எனக்கு ஆண் பிள்ளை இல்லை. வழக்கம் அப்படி, அதில் நான் குறை சொல்லவில்லை. கரையிலிருந்து ஐஸ் லாரி வரைக்கும் இறால் கூடை சுமந்தேன். கழுத்து கூடைக்குப் பழகிவிட்டது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் குப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் அடுத்த பெயருக்குத் தாண்டிப் போவார்கள் பாருங்கள், அதற்குக் காது பழகவே இல்லை.

அப்புறம் யூனியன் ஆபீஸிலிருந்து ஊருக்கு ஒரு டி.வி. கொடுத்தார்கள். வலை வைக்கிற கொட்டகையில் ஒரு பக்கம் ஒழித்து அதை வைத்தார்கள். ஆன்டெனாவை யார் திருப்புவது என்று முதல் வாரமே அடிதடி. நாட்டாண்மை ராஜவேலு ஏரிக்குச் செய்கிற மாதிரியே இதற்கும் பாடு போட்டார். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர்தான் பெட்டியைப் போட வேண்டும், அணைக்க வேண்டும், ஆன்டெனாவைத் தொட வேண்டும். வேறு யார் கை வைத்தாலும் தப்பு. ஏரியில் என்ன சட்டமோ அதே சட்டம்.

ஆம்பளைகள் ஏரிக்கும் கடலுக்கும் போகிறவர்கள். கரைக்கு வந்தால் தூங்குகிறவர்கள். "அக்கா, இன்னைக்கு எங்கூட்டு மொற, நீ கொஞ்சம் பாத்துக்கோயேன்" என்று ஒருவன் ஆரம்பித்தான். அப்புறம் இன்னொருவன். பார்த்துப் பார்த்து எனக்குப் பெட்டியின் சுபாவம் பிடிபட்டது. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொட்டினால் நாங்கள் செதில் என்போம். அது ஆன்டெனா ஒயர் தளர்ந்ததால் வருவது. ஒரு ஆள் இரண்டாகத் தெரிந்தால் ஆன்டெனா திசை தப்பியிருக்கிறது. படம் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தால் வலை இழுக்குது என்போம். அதற்குப் பின்னால் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, அதை லேசாகத் திருப்பினால் நின்றுவிடும். உப்புக் காற்றில் ஒயர் முனை பச்சை பிடிக்கும். அதைச் சுரண்டிவிட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை பாட்டு ஓடும்போது செதில் கொட்டினால் நாகம்மாள் கூட்டத்தின் நடுவிலிருந்து குரல் கொடுப்பாள். "ஏ காந்தா, செதிலு கொட்டுது பாரு. அருவாமனைய எடுத்தாந்து வழிச்சுப் போடுடி."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் பெட்டியைப் பார்ப்பார்கள். நான் அவர்களைப் பார்ப்பேன். படம் போய்விட்டால் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பும்.

ஒரு அமாவாசைக் கூட்டத்தில் ராஜவேலு எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, "டி.வி. பாடு இனிமே காந்தாவுது. மத்த எவனும் கைய வைக்கக் கூடாது, சொல்ட்டேன்" என்றார். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

அந்த வருஷம் மழை குறைச்சல். காற்றும் இல்லை. படம் கண்ணாடி மாதிரி வந்தது. வாரக்கணக்கில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. ஏரியில் மீன் இல்லாவிட்டால் பாடு இருந்து என்ன பயன் என்பார்களே, அது மாதிரி. அதனால் எப்போதாவது ஒயரில் கத்தி முனையால் லேசாக ஒரு கீறல் போடுவேன். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் சண்டை வருகிற நேரம் பார்த்துச் செதில் கொட்டும். நான் எழுந்து போய்ச் சரி செய்வேன். ஒருவருக்கும் இதில் நஷ்டம் இல்லை. சரியான பிறகு அவர்கள் முன்னைவிடச் சந்தோஷமாகத்தான் பார்த்தார்கள்.

வரதன் லோகநாயகியின் மகன். பொன்னேரியில் ரேடியோ, டி.வி. ரிப்பேர்க் கடையில் வேலை கற்றுக்கொண்டு ஊருக்கு வந்திருந்தான். நல்ல பிள்ளை. இதை நான் செத்தவனுக்காகச் சொல்லவில்லை, அவன் உண்மையிலேயே நல்ல பிள்ளை. வந்தவன் நேராக என்னிடம் வந்து, "அக்கா, உன் பாடு இது. பொட்டியத் தொறந்து பாக்கட்டா?" என்று கேட்டான். பொன்னேரிக்குப் போய் வந்தும் ஊர் வழக்கத்தை மறக்கவில்லை. பார் என்றேன்.

பின் மூடியைக் கழற்றிப் பார்த்து நாக்கைக் கடித்தான். முன்னால் எவனோ ரிப்பேர் செய்தவன், படம் தூக்கலாகத் தெரியட்டும் என்று உள்ளே தடுப்புக்கு இருந்த சின்னச் சாமானை எடுத்துவிட்டு ஆன்டெனா ஒயரை நேராகச் சேர்த்து வைத்திருந்தானாம். பிளக்கில் சிவப்பு சாயத்தால் ஒரு பொட்டு வைத்தான்.

"இந்தச் செவப்பு எப்பவும் மேல இருக்கணும்க்கா. தலைகீழா சொருவிட்டேன்னு வையி, கரென்டு நேரா ஆன்டெனாக் கொழாய்க்கே போய்டும். படம் இன்னவோ நல்லாத்தான் வரும். கொழாயத் தொட்டவன்தான் வரமாட்டான். அடுத்த வாரம் பொன்னேரிலேர்ந்து சாமான் வாங்கியாந்து போட்டுர்றேன்."

அவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்தான். பிறகு ஒயரைத் தடவிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றான்.

"இன்னாக்கா, இது தானா அறுந்த மாதிரி இல்லியே."

"எலி கடிச்சிருக்கும்பா."

"நம்மூரு எலி கத்தி வச்சிக்கினா கடிக்குது?" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டான். "சரி வுடுக்கா. எலியாண்ட சொல்லி வையி, நான் யாருகிட்டயும் மூச்சு வுட மாட்டேன்."

அவன் மூச்சு விடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் பயந்துபோய்ச் செய்தேன் என்று தயவுசெய்து எழுத வேண்டாம்.

அவன் ராஜவேலுவிடம் போய், புது ஒயர் போட்டு, குழாயை இரும்புப் பட்டையால் இறுக்கிவிட்டால் புயலே அடித்தாலும் திரும்பாது என்று சொல்லியிருக்கிறான். அவருக்குச் சந்தோஷம். "அப்ப டி.வி.க்குப் பாடே வேணாம்னு சொல்லு. வர்ற அமாவாசைக் கூட்டத்துல எடுத்துர்லாம்" என்றாராம். வரதனே ஓடி வந்து என்னிடம் சொன்னான், நல்ல சேதி மாதிரி.

"இன்னும் எத்தினி நாளுக்குச் செவுத்துல ஏறினு இருப்பே? இனிமே மத்தவங்களாட்டம் நீயும் கீழ குந்தி ஜாலியா படம் பாருக்கா."

மத்தவர்களாட்டம். யோசித்துப் பார்த்தேன். மத்தவர்கள் என்றால் அவர்களுக்கு ஏரியில் பாடு இருக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் மழை விட்டிருந்தது. ஆம்பளைகள் வலை காய வைக்க முகத்துவாரத்துப் பக்கம் போயிருந்தார்கள். வரதன் ஒயர்ச் சுருளும் பட்டையுமாக வந்தான். உள்ளே போட வேண்டிய சாமான் இன்னும் வரவில்லையாம், வெளி வேலையை முடித்துவிடுகிறேன் என்றான். கொட்டகைச் சுவர் ஊறிக் கிடந்தது. செருப்பு வழுக்கும் என்று கழற்றி வைத்தான். ஏறுவதற்கு முன்னால் நின்று கேட்டான்.

"அமாவாச வரைக்கும் உன் பாடுதானேக்கா. ஏறட்டா?"

"ஏறுப்பா."

"பிளக்கப் புடுங்கிட்டியா?"

"புடுங்கிட்டேன்."

நான் பொய் சொல்லவில்லை. பிடுங்கித்தான் கையில் வைத்திருந்தேன். அவன் சுவர் மேல் நின்று, குழாயைப் பிடிக்கக் கையை நீட்டினபோது சிவப்பு கீழே இருக்கிற மாதிரி செருகினேன். இவ்வளவுதான் நான் செய்தது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. பெட்டி போட்டபடியே இருந்ததால் கொஞ்ச நேரத்தில் திரை வெளிச்சமானது. பகலில் நிகழ்ச்சி கிடையாது, வெறும் செதில்தான் கொட்டியது. அவன் விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, பிளக்கை எடுத்து, சிவப்பு மேலே இருக்கும்படி திரும்பச் செருகிவிட்டு, அப்புறம்தான் ஆள் கூப்பிட ஓடினேன். அவன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தேன்.

நீங்கள் வந்து விசாரித்தீர்கள். ராஜவேலு ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "பாடு காந்தாவுது. அது அவன் மொற இல்ல. அடுத்தவன் பாட்டுல கைய வச்சான், அடிச்சிட்ச்சி. அதுக்கு மேல ஊரு கேக்காது." எங்கள் ஏரியில் அதுதான் சட்டம், அய்யா. அடுத்தவர் முறையில் இறங்கினவனுக்கு வலை கிழிந்தாலும் சரி, படகு கவிழ்ந்தாலும் சரி, ஒருவரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். அதனால் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

லோகநாயகி மட்டும் வந்தாள். காரியம் முடிந்த பிறகு, கொட்டகை வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"காந்தா, எம்புள்ள உன்ன ஒரு வார்த்த கேக்காமயா ஏறினான்?"

நான் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அவன் அப்பிடிச் செய்ய மாட்டாண்டி. சின்னதுல கூட அடுத்த வூட்டுத் தண்ணிப் பானையக் கேக்காமத் தொட மாட்டான். எல்லாரும் மொற தப்பினவன்றாங்க. பொணத்தத் தூக்கக்கூட யோசிச்சானுங்க. நீயாவது சொல்லேன். கேட்டானா?"

"அவசரத்துல ஏறிட்டான்க்கா. வயசு அப்பிடி" என்றேன்.

தலையை ஆட்டினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அப்புறம் அவள் கூட்டத்துக்கு வருவதில்லை. கரையில் மீன் பிரிக்கும்போது தள்ளி உட்காருகிறாள். எனக்கு அவள் மேல் வருத்தம்தான். ஒரு நாள் அவள் கூடையையும் சேர்த்து நானே லாரி வரை சுமந்தேன்.

எல்லாம் அதோடு சரியாகியிருக்கும். ஆனால் பொன்னேரிக் கடையிலிருந்து ஒருவர் வந்து குழாயில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. எப்படி எரியும், சிவப்பு மேலே இருந்தது. இப்போது இல்லாவிட்டாலும் எப்போதாவது வரும், விட்டு விட்டு வருகிற பழுதாக இருக்கும், பெட்டியை நம்ப முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் பயந்துவிட்டது. ஒரு நேரம் அடிக்குது, ஒரு நேரம் அடிக்க மாட்டேன்குது, இது உயிர் குடிக்கிற பெட்டி என்றார்கள். பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை. வெள்ளிக்கிழமை நான் பெட்டியைப் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். படம் அவ்வளவு அழகாக வந்தது. பார்க்க ஒரு ஆள் இல்லை. நாகம்மாள் கூட வரவில்லை. மறுவாரம் பெட்டியை வண்டியில் ஏற்றி, கொடுத்தவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொட்டகையில் மறுபடியும் வலையை வைத்துவிட்டார்கள்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை என்றேன். "உனுக்கு இன்னாடி தெரியும்?" என்று கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னால்தானே நம்புவார்கள். அதனால்தான் வந்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி தானாக யாரையும் அடிக்கவில்லை. வரதன் என்னிடம் கேட்டுத்தான் ஏறினான், முறை தப்பவில்லை. அதை லோகநாயகியிடமும் யாராவது சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தப் பக்கம் போக நேரம் கிடைக்காது. அவன் குழாயைத் தொடும் நேரம் பார்த்து, சாவான் என்று தெரிந்தே பிளக்கைத் தலைகீழாகச் செருகிக் கொன்றது குப்பன் பெண்சாதி காந்தா. எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று காட்ட வேண்டாம், எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும்.

இதைப் படித்துக் காட்டினால் ஊரின் பயம் போய்விடும். பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். வைக்கும்போது ராஜவேலு நைனாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், அய்யா. இங்கே என் வேலை முடிய எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் வருகிற வரைக்கும் என் பாடு வேறு யாருக்கும் போய்விடக் கூடாது.