பழுதான சீடி

மறிச்சுக்கட்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் கிற்றாரோடு ஒருவர் இருந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்த பெண் அவரை அடையாளம் கண்டதும் புகழப்போகிறாள் என்று நினைத்தேன். முறைப்பாடு சொன்னாள்.

"அண்ணை, முந்தி ராக் பாண்டில இருந்தனீங்கள்தானே? நீங்கள் தனியப் போட்ட சீடி பழுது."

"என்ன பழுது?"

"இடையிடையே பாட்டு நிண்டுபோகுது. அகதி முகாமால வந்து வாங்கின புதுப் பிளேயர். கடைக்காரனோட சண்டையும் பிடிச்சனான். வேறை சீடியெல்லாம் நல்லாப் பாடுது."

"பழுதில்லைத் தங்கச்சி. அது ட்ரம்ஸுக்கு விட்ட இடம்."

"பேந்து ஏன் அடிக்கேல்லை?"

"எங்கட பாண்டில அடிச்சவன் கடைசி இடப்பெயர்வில காணாமல் போயிட்டான். இன்னும் தேடுறம். வேறை ஆளைப் போட மனம் வரேல்லை."

"சனம் சீடி சரியில்லையெண்டுதான் கதைக்குது."

"ஓம். சரியில்லைத்தான்."

பஸ் சிலாவத்துறையைத் தாண்டியது. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த இடத்தில அவர் எப்பிடி அடிப்பார்?"

அவர் யன்னலுக்கு வெளியே கையை விட்டு, பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று அடித்துக் காட்டினார்.

இறங்க ஆளிருக்கு என்று நினைத்து ட்ரைவர் பஸ்ஸை நிறுத்தினார். எல்லோரும் கதவைப் பார்த்தோம். ஒருவரும் இறங்கவில்லை. ஒருவரும் ஏறவுமில்லை.