மஞ்சள் குறியிட்ட முகவரி

ஒருவன் தன் விளையாட்டுகள் யாவும் ஒரே கடையில் இருக்க வேண்டும் என்று விரும்புவதில் தவறேதும் இல்லை. துணிகளை ஒரே பீரோவில் அடுக்கி வைப்பவனை எவரும் விசாரணைக்கு அழைப்பதில்லை. என்னுடைய கணினி விளையாட்டுகள் அனைத்தும் ஒரே இணையக் கடையில், ஒரே கணக்கின் கீழ், அகர வரிசையில் நிற்கின்றன. விளையாடாத நாட்களிலும் அவ்வரிசையைத் திறந்து பார்ப்பேன். மனத்துக்கு நிறைவாக இருக்கும்.

அக்காவின் விளையாட்டுக்கும் அதில் ஓர் இடம் என்று எண்ணியிருந்தேன். அவர் எனக்கு உறவினர் அல்லர். இணைய மன்றத்தில் நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தோம். வெள்ளம் சூழ்ந்த நகரத்தில் ஒரு படகோட்டி மனிதர்களைக் கரை சேர்க்கும் விளையாட்டு அது. அக்கா நிரல் எழுதினார். அவருடைய தம்பி படம் வரைந்தார். வாடகை வீட்டின் முன்னறையில் இருவர் மட்டுமே உழைத்தார்கள். அவர்களுடைய மன்றத்தை நான் ஊதியமின்றிக் கண்காணித்து வந்தேன். அதற்கு நன்றியாக, தம்பி வரைந்த படகின் படமொன்றை அக்கா தபாலில் அனுப்பினார். உறையின் மேல் முகவரியும் கைபேசி எண்ணும் இருந்தன.

வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் அக்கா ஓர் அறிவிப்புச் செய்தார். விளையாட்டு ஓராண்டுக் காலம் வேறொரு புதிய கடையில் மட்டுமே கிடைக்கும். பிறகே நம் கடைக்கு வரும்.

மன்றம் கொதித்தது. "பந்தியில உக்கார வெச்சு இலையை உருவிட்டாங்கடா" என்று கொக்கு என்னும் புனைபெயரினன் எழுதினான். "பெட்டி வாங்கினதும் கட்சி மாறிட்டாங்கப்பா, இனிமே அக்காவாவது தங்கச்சியாவது" என்றான் இன்னொருவன்.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். அக்கா தனிச்செய்தியில் எழுதியிருந்தார்: "தம்பிக்கு மூச்சுத் திணறல் ரொம்ப மோசமாயிடுச்சுங்க. அந்தக் கடைக்காரங்க முன்பணம் தர்றாங்க. வைத்தியத்துக்கு வேற வழி தெரியல. மன்றத்துல நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுறீங்களா?"

நான் சொல்லவில்லை. பிறர் வீட்டு நோயைப் பொதுவில் பேசுவது நாகரிகமன்று. அவரே கேட்டுக்கொண்டார் என்பது உண்மைதான். எனினும், துயரத்தில் இருப்பவர் கேட்பதையெல்லாம் நாம் செய்துவிடலாகாது.

மாறாக, அந்த உறையைப் படமெடுத்து மன்றத்தில் இட்டேன். 'அக்காவின் அன்பளிப்பு' என்று மட்டும் எழுதினேன். முகவரியை மறைக்க மறந்துவிட்டதாக இந்த விசாரணையின் தொடக்கத்தில் உங்களிடம் கூறினேன் அல்லவா, ஐயா? நான் மறக்கவில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வேண்டி வரும் அழைப்புகளை ஏற்கும் மையத்தில் இருக்கிறேன். ஒரு முகவரியின் பெயரில் பொய் அழைப்புகள் தொடர்ந்து வந்தால், அதற்கு மஞ்சள் குறி இடுவோம். அதன்பின் அங்கிருந்து அழைப்பு வந்தால் வண்டி உடனே புறப்படாது. பதிவில் உள்ள எண்ணுக்கு நாங்கள் திருப்பி அழைக்க வேண்டும்; எடுத்து உறுதி செய்தால்தான் வண்டி. விளையாட்டுப் பிள்ளைகளால் வண்டிகள் வீணாக அலைவதைத் தடுக்க ஏற்பட்ட நல்ல விதி அது.

"இவங்களுக்கு ஒரு பாடம் புகட்டணும்டா, என்ன பண்ணலாம்?" என்று கொக்கு கேட்டான். நான் யோசனை ஏதும் கூறவில்லை. மஞ்சள் குறியைப் பற்றிப் பொது அறிவுக்காக ஒரு பத்தி எழுதினேன். அந்த வாரமே அக்காவின் வாசலில் வண்டிகள் மாறி மாறி வந்து நின்று, வெறுமையாகத் திரும்பின. மேலதிகாரியின் ஒப்புதலோடு குறியை இட்டு, உறையில் இருந்த கைபேசி எண்ணைப் பதிவில் சேர்த்தவன் நான்தான்.

அக்காவின் கைபேசியிலும் வசைகள் குவிந்தன. அக்கா என்னிடம் முறையிட்டார். "அந்த நம்பரை அணைச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க அக்கா, நாலு நாள்ல எல்லாம் அடங்கிடும்" என்று எழுதினேன்.

"நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே. எனக்கு ரெண்டு தம்பின்னு நெனச்சுக்கறேன்" என்று பதில் வந்தது.

மதிய உணவு முடிந்து நான் இருக்கைக்குத் திரும்பிய வேளையில் அந்த அழைப்பு வந்தது. அவர் வெளியிட்ட காணொளிகளைப் பலமுறை கேட்டவன் நான். குரல் உடனே அடையாளம் தெரிந்தது.

"தம்பிக்கு மூச்சு வரலைங்க. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. சீக்கிரம் வண்டி அனுப்புங்க." தொடர்ந்து முகவரியைச் சொன்னார்.

"ஃபோனை வைங்கம்மா. பதிவுல இருக்கிற நம்பருக்கு நாங்க கூப்பிடுவோம். எடுத்தாத்தான் வண்டி."

"அது அணைச்சுக் கெடக்குதுங்க. இந்த நம்பருக்கே கூப்பிடுங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"விதி அப்படித்தாங்கம்மா."

தொடர்பைத் துண்டித்து, பழைய எண்ணுக்கு அழைத்தேன். அணைக்கப்பட்டிருந்தது. விதிப்படி மீண்டும் ஒருமுறை முயன்றேன். 'உறுதி செய்யப்படவில்லை' என்று பதிந்துவிட்டுத் தண்ணீர் அருந்தச் சென்றேன்.

அக்கா மறுபடியும் அழைத்திருக்கிறார். அது பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் போயிருக்கிறது. அவள் விதியை மீறி வண்டியை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். "ஏன்யா, அது பொய் சொல்ற குரலா? காதுல பஞ்சையா அடைச்சு வெச்சிருக்கே?" என்றாள். பணியிடத்தில் அவ்வாறு பேசுவது முறையன்று. வண்டி போய்ச் சேர்ந்தபோது தம்பி வரைபலகையின் கீழே கிடந்தாராம். மூச்சு நின்றிருந்தது.

சற்று முன் நீங்கள் கேட்டீர்கள்: "ஒரு வருஷம் பொறுத்திருந்தா உங்க கடைக்கே வந்திருக்குமேய்யா? இல்ல, அந்தப் புதுக் கடையில சேர்றதுக்குத்தான் ஏதாவது காசு கேட்டானா?"

இல்லை ஐயா, இலவசம்தான். சேர்வதும் மிக எளிது. பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் போதும். ஒப்பந்தம் போட்டுவிட்டதால், தம்பி போன பிறகும் அக்கா சொன்ன தேதியில் விளையாட்டை வெளியிட வேண்டியதாயிற்று. அன்று காலையிலேயே அங்கு கணக்குத் தொடங்கி வாங்கிவிட்டேன். தம்பி வரைந்த வெள்ளம் உண்மையிலேயே அழகு. முழு மதிப்பெண் அளித்து, 'தவறாமல் வாங்குங்கள்' என்று எழுதினேன். அக்காவுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு நன்றி தெரிவித்துப் பதில் எழுதியிருந்தார்.